பழைய வெள்ளியும் பட்டாளத்துப் பதக்கமும்: முத்திரையைப் படிக்கும் முறை

பழைய வெள்ளிச் சாமான்களின் அடிப்புறத்திலும் சில ராணுவப் பதக்கங்களின் பின்புறத்திலும் அரிசி மணியைவிடச் சிறிய அச்சுகள் நாலைந்து வரிசையாகக் குத்தப்பட்டிருக்கும். ஒரு சிங்கம், ஒரு நங்கூரம், ஓர் எழுத்து, ஓர் அரசியின் தலை, யாரோ ஒருவருடைய பெயரின் முதலெழுத்துகள் என்று அவை அமைந்திருக்கும். இவைதான் ஹால்மார்க் முத்திரைகள். பொருள் என்ன உலோகம், எந்த ஊரில், எந்த ஆண்டில் சோதிக்கப்பட்டது, செய்தவர் யார் என்பதை இவற்றை வைத்தே சொல்லிவிடலாம். ஆனால் முத்திரை போல ஏதோ இருப்பதால் மட்டும் ஒரு பொருள் வெள்ளியாகிவிடாது. முத்திரை இல்லாததால் மட்டும் போலியாகிவிடாது. தென்னிந்திய மலைநகரங்களில் கிடைக்கும் பழம்பொருட்களில் இந்த இரண்டு குழப்பமும் உண்டு. கொடைக்கானலும் பழனி மலைப்பகுதியும் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

மலையேறிய வெள்ளி

கொடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்களை அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த பாதிரிமார் 1845இல் கட்டினார்கள். மதுரை கலெக்டர் வீர் ஹென்றி லெவிஞ்சின் முயற்சியால் 1863இல் ஏரி உருவானது. 1887இல் கொடைக்கானல் கிளப்பும் 1890இல் படகுக் கிளப்பும் 1895இல் கோல்ஃப் கிளப்பும் வந்தன. கோடைக்காலத்தில் கலெக்டர்கள், நீதிபதிகள், ரயில்வே அதிகாரிகள், காப்பித் தோட்டத் துரைமார், விடுப்பில் வந்த பட்டாள அதிகாரிகள், மிஷன் குடும்பங்கள் என்று ஒரு கூட்டமே மலையில் தங்கியது. லாஸ் காட் ரோடு 1916இல் போக்குவரத்துக்குத் திறக்கப்படும்வரை அவர்களுடைய பெட்டி படுக்கை எல்லாம் பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பிலிருந்து கூலியாட்களின் தலைச்சுமையாகவே மேலே போயின.

அந்தப் பெட்டிகளில் தேநீர்ச் செட்டுகளும் கரண்டிகளும் மெழுகுவர்த்தித் தண்டுகளும் இருந்தன. கிளப்புகளில் போட்டிக் கோப்பைகள் சேர்ந்தன. அதிகாரிகளின் சீருடையோடு பதக்கங்களும் வந்தன. விடுதலைக்குப் பிறகு பங்களாக்கள் கைமாறியபோது சாமான்களும் கைமாறின. இன்னொரு பக்கம், மலையடிவாரத்து ஊர்களிலிருந்தும் தமிழகத்தின் பிற பகுதிகளிலிருந்தும் பட்டாளத்துக்குப் போனவர்களின் பதக்கங்கள் அவரவர் வீட்டுப் பெட்டிகளில் தங்கிவிட்டன. இவ்வாறு இந்தப் பகுதியில் கிடைப்பவை நான்கு வகை: இங்கிலாந்தில் சோதிக்கப்பட்டு முத்திரை பெற்ற வெள்ளி, மதராஸில் செய்த வெள்ளி, வெள்ளி முலாம் பூசிய சாமான், பதக்கங்கள். நான்குக்கும் படிக்கும் முறை வேறு.

இங்கிலாந்து முத்திரையின் ஐந்து உறுப்புகள்

இங்கிலாந்தில் வெள்ளியை அரசு அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையத்துக்கு அனுப்பித்தான் விற்க முடியும். 1300ஆம் ஆண்டிலேயே இதற்குச் சட்டம் வந்தது. முழு முத்திரை வரிசையில் ஐந்து அடையாளங்கள் வரை இருக்கும்.

முதலாவது தர முத்திரை. ஒரு முன்காலைத் தூக்கியபடி பக்கவாட்டில் நடக்கும் சிங்கம் இது. 1544 முதல் குத்தப்படுகிறது. ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்பதற்கு இதுவே உறுதி. இதைத்தான் ஸ்டெர்லிங் என்கிறார்கள். மீதி 75 பங்கு பெரும்பாலும் செம்பு. 1697 முதல் 1720 வரை இதைவிட உயர்ந்த, ஆயிரத்துக்கு 958 பங்கு தரம் கட்டாயமாக இருந்தது. அந்தக் காலத்துச் சாமானில் சிங்கத்துக்குப் பதில் அமர்ந்திருக்கும் பிரிட்டானியா உருவம் காணப்படும்.

இரண்டாவது ஊர் முத்திரை. சிறுத்தைத் தலை என்றால் லண்டன், நங்கூரம் என்றால் பர்மிங்காம், கிரீடம் என்றால் ஷெஃபீல்டு, கோட்டை என்றால் எடின்பரோ. பர்மிங்காமிலும் ஷெஃபீல்டிலும் சோதனை நிலையங்கள் 1773இல் தொடங்கின. ஷெஃபீல்டு 1975 முதல் கிரீடத்தை விட்டு ரோஜாவுக்கு மாறிவிட்டது. கதிர்க்கட்டுகளும் வாளும் சேர்ந்த செஸ்டர் முத்திரையும் பழைய சாமான்களில் கிடைக்கும். அந்த நிலையம் 1962இல் மூடப்பட்டது.

மூன்றாவது ஆண்டெழுத்து. ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓர் எழுத்து. லண்டனில் ஆங்கில 'ஏ' தொடங்கி 'யு' வரை, 'ஜே' நீங்கலாக இருபது எழுத்துகள் அந்நாளில் ஒரு சுற்று. சுற்று முடிந்ததும் எழுத்தின் வடிவமும் அதைச் சூழ்ந்த கேடய வடிவமும் மாறும். லண்டனில் 1876இல் பெரிய 'ஏ', 1896இல் சாதாரணச் சிறிய 'ஏ', 1916இல் பழங்காலக் கோணல் வடிவச் சிறிய 'ஏ'. பர்மிங்காமின் சுற்று வேறு; அங்கே 1900இல் ஒரு சுற்றும் 1925இல் அடுத்த சுற்றும் தொடங்கின. ஆகவே ஊர் முத்திரையைப் பார்க்காமல் ஆண்டெழுத்தை மட்டும் பார்த்து வயது சொன்னால் கால் நூற்றாண்டு தவறிப்போகும்.

நான்காவது வரி முத்திரை. 1784 முதல் 1890 வரை வெள்ளிக்கு வரி கட்டியதற்கு அடையாளமாக ஆட்சியில் இருந்தவரின் தலை குத்தப்பட்டது. விக்டோரியாவின் தலை இடப்பக்கம் பார்க்கும். அரசரின் தலையோ அரசியின் தலையோ இருந்தால் அந்தச் சாமான் பெரும்பாலும் இந்த நூற்றாறு ஆண்டுகளுக்குள் அடங்கும் என்று முதல் பார்வையிலேயே கணக்குப் போட்டுவிடலாம்.

ஐந்தாவது செய்தவர் முத்திரை. பட்டறையின் அல்லது சோதனைக்கு அனுப்பிய கடையின் முதலெழுத்துகள் ஒரு சிறு கட்டத்துக்குள் இருக்கும்.

கரண்டியில் இவை பிடியின் பின்புறத்திலும், தேநீர்க் கூஜாவில் அடியிலும், கோப்பையில் விளிம்பை ஒட்டியும் இருக்கும். மூடியும் தனிப்பகுதி என்பதால் அதிலும் சிங்கமாவது இருக்க வேண்டும். மூடியிலும் ஆண்டெழுத்து இருந்து, அது கூஜாவின் எழுத்தோடு ஒத்துப்போகாவிட்டால் இரண்டும் வெவ்வேறு சாமானைச் சேர்ந்தவை.

பொன் நிறம், வெள்ளி முத்திரை

பொன்னிறச் சாமானில் என்ன முத்திரை இருக்கிறது என்பதே தங்கமா முலாமா என்பதைத் தீர்த்துவிடும். 1844க்குப் பிறகு இங்கிலாந்தில் 22, 18 காரட் தங்கத்துக்குக் கிரீடமும் காரட் எண்ணும் குத்தினார்கள். 1854இல் 15, 12, 9 காரட்டுகளும் அனுமதிக்கப்பட்டன. 9 காரட்டுக்கு '375' என்று ஆயிரத்தின் பங்காகவும் எண் இருக்கும். வெள்ளியின் மேல் தங்க முலாம் பூசினால் அதற்கென்று தனி முத்திரை கிடையாது. அடியில் உள்ள வெள்ளிக்கான நடக்கும் சிங்கமே இருக்கும். எனவே மஞ்சளாகப் பளபளக்கும் பதக்கத்தில் சிங்கம் தெரிந்தால் அது முலாம் பூசிய வெள்ளி. 1844க்கு முந்தைய 22 காரட் தங்கம் மட்டும் இதற்கு விலக்கு. அதற்கும் அந்நாளில் சிங்கமே குத்தப்பட்டது.

முலாமிலும் இரண்டு காலம் உண்டு. 1840க்கு முன் தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துப் பூசி, நெருப்பில் காட்டிப் பாதரசத்தை ஆவியாக்கினார்கள். இந்த முலாம் தடித்தது, நிறம் ஆழ்ந்தது, பள்ளங்களில் கொஞ்சம் திட்டுத்திட்டாகத் தங்கியிருக்கும். வேலை செய்தவர்களின் உயிரைக் குடித்த முறையும் இதுதான். 1840இல் பர்மிங்காமின் எல்கிங்டன் நிறுவனம் மின்முலாமுக்குக் காப்புரிமை பெற்றது. மின்முலாம் மெல்லியது, எங்கும் ஒரே சீராகப் படியும். தேய்ந்த மேடுகளில் வெள்ளி எட்டிப் பார்க்கும்.

எழுத்துகள் இருந்தும் வெள்ளி இல்லாதவை

கிளப்புகளிலும் பங்களாக்களிலும் புழங்கிய சாமான்களில் பெரும்பகுதி முலாம் வெள்ளிதான். அவற்றின் அடியிலும் வரிசையாக எழுத்துகள் இருக்கும். 'இ.பி.என்.எஸ்.' என்று நான்கு எழுத்துகள் நான்கு கேடயங்களுக்குள் தனித்தனியாகக் குத்தப்பட்டிருக்கும்போது பார்ப்பவருக்கு அது ஹால்மார்க் போலவே தோன்றும். உண்மையில் நிக்கல் சில்வரின் மேல் மின்முலாம் பூசியது என்பதன் சுருக்கம் அது. நிக்கல் சில்வர் என்பது நம் ஊரில் ஜெர்மன் சில்வர் என்று வழங்குவது. செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த அதில் வெள்ளி துளிகூடக் கிடையாது. 'இ.பி.பி.எம்.' என்றால் ஈயம்போல் மென்மையான பிரிட்டானியா உலோகத்தின் மேல் பூசியது. 'ஏ1' என்பது முலாமின் தடிமனைக் குறிக்கும் வியாபாரக் குறி.

பெயர்களும் ஏமாற்றும். மேப்பின் அண்ட் வெப் நிறுவனத்தின் 'பிரின்சஸ் பிளேட்' வெள்ளிச் சாமானின் பெயர்போல் ஒலித்தாலும் முலாம் சாமான்தான். 'ஷெஃபீல்டு பிளேட்' என்பது 1743 வாக்கில் தாமஸ் போல்சோவர் கண்டுபிடித்த முறை: செம்புத் தகட்டின் மேல் வெள்ளித் தகட்டை வைத்து உருக்கி ஒட்டிச் செய்தது. அதன் விளிம்பு தேய்ந்தால் செம்பின் சிவப்புத் தெரியும். சிங்கம் இல்லாமல் எழுத்துகளும் ஊர்ப் பெயரும் மட்டும் இருந்தால் முதலில் முலாம் என்று சந்தேகிப்பதே சரி.

மதராஸ் வெள்ளி

பிரிட்டிஷ் ஆட்சிக்கால இந்தியாவில் சோதனை நிலையமோ கட்டாய ஹால்மார்க்கோ கிடையாது. இங்கே செய்த வெள்ளிக்குச் செய்தவரின் பெயரே சாட்சி. மதராஸில் பெயர்பெற்ற நிறுவனம் பி. ஆர் அண்ட் சன்ஸ். கடிகாரம் பழுதுபார்க்கும் தொழிலில் தொடங்கிய பீட்டர் ஆர் 1849இல் நிறுவிய இந்தக் கடை, 1879இல் மவுண்ட் ரோட்டில் ராபர்ட் சிஷோம் வடிவமைத்த கடிகாரக் கோபுரக் கட்டடத்துக்கு மாறியது. தெய்வ உருவங்களைப் புடைப்பாக எழுப்பிய 'சுவாமி வேலைப்பாடு' வெள்ளிச் சாமான்கள் இதன் சிறப்பு. 1875-76இல் வேல்ஸ் இளவரசர் இந்தியா வந்தபோது இவ்வகைச் சாமான்கள் பரிசாகப் போய் இங்கிலாந்தில் பெயர் வாங்கின. இந்தச் சாமான்களில் சிங்கத்தைத் தேடினால் கிடைக்காது; நிறுவனத்தின் பெயரும் மதராஸ் என்ற ஊர்ப் பெயருமே இருக்கும்.

கல்கத்தாவின் ஹாமில்டன் அண்ட் கோ போன்ற கடைகள் ஆங்கிலேய வாடிக்கையாளர்களின் கண்ணுக்குப் பழகிய தோற்றத்துக்காக யானை உருவமும் எழுத்துகளும் குத்தின. அவை ஹால்மார்க் போல் அமைந்த கடைக்குறிகளே; எந்த நிலையமும் சோதித்துக் கொடுத்தவை அல்ல. ஆனாலும் சாமான் உண்மையான வெள்ளி.

மாற்றிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. 1835 முதல் 1940 வரை இந்திய வெள்ளி ரூபாய் நாணயம் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 917 பங்கு வெள்ளி கொண்டது. பொற்கொல்லர்கள் ரூபாய்களையே உருக்கிச் சாமான் செய்வது வழக்கம். எனவே பழைய இந்தியச் சாமானைச் சோதித்து 917 அல்லது அதை ஒட்டி வந்தால் 'ஸ்டெர்லிங்குக்குக் குறைவு, ஆகவே கலப்படம்' என்று தள்ளக் கூடாது. அந்தக் காலத்து இந்திய வெள்ளியின் இயல்பான மாற்று அது.

முத்திரை உள்ள பதக்கம்

பதக்கங்களில் ஹால்மார்க் அரிது. இருக்கும் சிலவற்றில் தென்னிந்தியாவோடு நெருங்கிய தொடர்புள்ளது வாலண்டியர் ஆபீசர்ஸ் டெகரேஷன். தோட்டத் துரைமார், ரயில்வே அதிகாரிகள், வணிகர்கள் போன்றோர் ஓய்வு நேரத்தில் பயிற்சி எடுத்த தொண்டர் படைகள் அந்நாளில் பல இருந்தன. மதராஸ் வாலண்டியர் கார்ட்ஸ், நீலகிரி வாலண்டியர் ரைஃபிள்ஸ், தென்னிந்திய ரயில்வேயின் தொண்டர் படை, குதிரையேறிய தோட்டத் துரைமாரைக் கொண்ட சதர்ன் பிராவின்சஸ் மவுண்டட் ரைஃபிள்ஸ் ஆகியவை இப்பகுதியைச் சேர்ந்தவை. இத்தகைய படைகளில் நீண்ட காலம் பணியாற்றிய அதிகாரிகளுக்கான இந்த விருது 1892இல் இங்கிலாந்தில் ஏற்படுத்தப்பட்டு 1894இல் இந்தியாவுக்கும் விரிவாக்கப்பட்டது. இங்கிலாந்தில் இருபது ஆண்டுப் பணி வேண்டும்; இந்தியாவில் பதினெட்டு ஆண்டு போதும்.

பதக்கம் முட்டை வடிவம். வெள்ளியில் செய்த ஓக் இலை மாலையின் நடுவே அரசியின் பெயரெழுத்தும் கிரீடமும் தங்க முலாமில் அமைந்திருக்கும். மாலையைக் கட்டும் முடிச்சுகளும் முலாம் பூசியவை. பச்சை ரிப்பன், மேலே இலை வேலைப்பாடுள்ள வெள்ளி ஊக்கு. திருப்பினால் பின்புறம் வெறுமையாக இருக்கும், அங்கேதான் ஹால்மார்க். ஒரே பொருளில் வெள்ளியும் பொன்முலாமும் ஹால்மார்க்கும் சேர்ந்திருப்பதால், மேலே சொன்ன எல்லா விதிகளையும் இதில் பார்த்துப் பழகலாம். பின்னாளில் இந்தியத் தொண்டர் படைகளுக்கென்று வந்த வடிவத்தில் நடு எழுத்தைச் சுற்றி 'இந்தியன் வாலண்டியர் ஃபோர்சஸ்' என்ற எழுத்து வளையம் சேர்ந்தது. பிரிட்டனில் விக்டோரியா காலத்தில் செய்த பதக்கத்திலிருந்து பிரித்தறிய இந்தியாவுக்கு வந்தவற்றில் அரசப் பெயரெழுத்தையும் கவனிக்க வேண்டும்: இந்தியாவின் பேரரசி என்பதைக் குறிக்கும் 'ஐ' எழுத்து விக்டோரியாவின் பெயரெழுத்தோடு சேர்ந்து வரும்.

இதில் ஒரு முரண் தென்பட்டால் உஷாராக வேண்டும். அரசியின் பெயரெழுத்து விக்டோரியாவுடையதாக இருந்து, ஆண்டெழுத்து 1920களைக் காட்டினால், அது பின்னாளில் செய்த மாற்றுப் பிரதியாகவோ போலியாகவோ இருக்கலாம். விக்டோரியா 1901 ஜனவரியில் இறந்தார்.

படைப்பிரிவுகளின் துப்பாக்கி சுடும் போட்டிப் பதக்கங்கள், விளையாட்டுப் பதக்கங்கள், கடிகாரச் சங்கிலியில் தொங்கவிடும் சிறு பதக்கங்கள் ஆகியவற்றிலும் முழு ஹால்மார்க் இருக்கும். இவற்றில் பெரும்பாலானவை பர்மிங்காமில் செய்யப்பட்டவை, நங்கூரம் தெரியும். இவை வீரத்துக்கான அரசு விருதுகள் அல்ல. பட்டாளப் பெயர் பொறித்திருப்பதை வைத்து இவற்றைப் போர்ப் பதக்கம் என்று விற்பதும் வாங்குவதும் நடக்கிறது.

முத்திரை இல்லாத பதக்கம்: விளிம்பே ஆவணம்

போர்களில் கலந்துகொண்டதற்காக அரசு வழங்கிய பதக்கங்களில் ஹால்மார்க் இருக்காது. அரசு நாணயச்சாலையே அச்சடித்ததால் வேறொருவர் சோதித்துச் சான்று தர வேண்டியதில்லை. இந்தப் பதக்கங்களில் பார்க்க வேண்டிய இடம் விளிம்பு. வட்டப் பதக்கத்தின் ஓரத்தில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு என்ற வரிசையில் பொறித்திருப்பார்கள். இந்திய வீரர்களுக்கான பழைய பதக்கங்களில் சில, கையெழுத்துபோல் சாய்ந்த எழுத்தில் செதுக்கப்பட்டவை. பின்னால் வந்தவை அச்சால் குத்திய நேரெழுத்து.

1854இல் தொடங்கிய இந்தியா ஜெனரல் சர்வீஸ் பதக்கம் மதராஸ் ராணுவத்தினர் பலர் பெற்றது. மூன்றாம் பர்மியப் போருக்கான '1885-7' பட்டை பொருத்திய பதக்கங்கள் தமிழ்ப் பகுதிகளில் கிடைப்பது இதனால்தான். அந்தப் போர் முதல் ஒரு வேறுபாடும் வந்தது: சண்டையிட்டவர்களுக்கு வெள்ளி, பட்டாளத்தோடு போன சமையல்காரர், சுமைதூக்கி, துப்புரவாளர் முதலியோருக்கு வெண்கலம். முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் வார் பதக்கத்திலும் இதே கதை. படைவீரர்களுக்கு வெள்ளியிலும் இந்தியத் தொழிலாளர் படையினருக்கு வெண்கலத்திலும் கொடுத்தார்கள். எனவே வெண்கலப் பதக்கம் கையில் கிடைத்தால் அது போலி என்று எண்ணிவிடக் கூடாது. வெள்ளிப் பதக்கங்களைவிட வெண்கலத்தில் வந்தவை எண்ணிக்கையில் மிகக் குறைவு.

முதல் உலகப் போரின் விக்டரி பதக்கம் பொன்னிறமாக மின்னும். பலரும் தங்கம் என்றோ முலாம் என்றோ நினைப்பது இதைத்தான். அது வெண்கலம். இரண்டாம் உலகப் போரின் பர்மா ஸ்டார் மஞ்சளாகத் தெரிவது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகத்தால். அதே போரின் வார் பதக்கமும் இந்தியா சர்வீஸ் பதக்கமும் வெள்ளிபோல் தோன்றினாலும் செம்பும் நிக்கலும் கலந்தவை. இவற்றில் உலோக மதிப்பு எதுவும் இல்லை. ஆனால் ஒரு சிறப்பு உண்டு: பிரிட்டிஷ் வீரர்களுக்கு இந்தப் போரின் பதக்கங்கள் பெயர் பொறிக்காமலே வழங்கப்பட்டன, இந்திய வீரர்களுக்குப் பெயரும் எண்ணும் பொறித்து வழங்கப்பட்டன.

விளிம்பைப் படிக்கும்போது தமிழ்ப் பெயர்களின் எழுத்துக்கூட்டலை நம்ப முடியாது. முனுசாமியும் வீராசாமியும் எழுத்தர் காதில் விழுந்தபடி பலவிதமாக எழுதப்பட்டிருக்கிறார்கள். தந்தை பெயரும் ஊரும் இருக்காது. நம்பத்தக்கவை எண்ணும் படைப்பிரிவும்தான். இவற்றை வைத்துப் பதக்கப் பதிவேடுகளில் தேடலாம். பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களிலும் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலும் இந்தப் பதிவேடுகள் உள்ளன. தொண்டர் படை அதிகாரிகளின் நியமனங்களுக்கு அந்நாளைய அரசிதழ்களைப் பார்க்க வேண்டும். சென்னை எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் அதற்கு ஏற்ற இடம்.

போலி செய்பவர்கள் விளிம்பில்தான் கைவைப்பார்கள். பழைய பெயரை அராவி எடுத்துவிட்டு மதிப்புள்ள வேறு பெயரைப் பொறிப்பார்கள். இந்தப் பதக்கங்களின் வழக்கமான விட்டம் 36 மில்லிமீட்டர். விளிம்பை அராவினால் விட்டம் குறையும். நல்ல அளவுக்கருவி கொண்டு பல திசைகளில் அளந்தால் பிடிபட்டுவிடும். அச்சில் வார்த்த போலியில் பரப்பெங்கும் ஊசிமுனைக் குழிகளும் மழுங்கிய எழுத்துகளும் தெரியும். நாணயச்சாலை அச்சடித்ததில் எழுத்தின் ஓரங்கள் கூர்மையாக இருக்கும்.

பொன் முலாம் பதக்கங்கள்: சீரங்கப்பட்டணம் முதல் அசோக சக்கரம் வரை

1799 மே 4இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. அந்தப் போரில் பங்கெடுத்தவர்களுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி கொடுத்த பதக்கம் பதவிக்கேற்ற உலோகத்துக்கு நல்ல சான்று. தளபதிகளுக்குத் தங்கம், மேல்நிலை அதிகாரிகளுக்குத் தங்க முலாம் பூசிய வெள்ளி, கீழ்நிலை அதிகாரிகளுக்கு வெள்ளி, அவர்களுக்குக் கீழே வெண்கலம், சிப்பாய்களுக்கு வெள்ளீயம். சிங்கம் புலியை வீழ்த்தும் காட்சியோடு பர்மிங்காம் அருகே மேத்யூ போல்டனின் சோஹோ நாணயச்சாலையில் இவை அச்சிடப்பட்டன, வடிவமைத்தவர் கூக்லர். இதில் ஹால்மார்க் கிடையாது. பதக்கத்தில் உள்ள சிங்கம் திப்புவின் புலியை வெல்லும் பிரிட்டனின் சின்னம். தர முத்திரையின் சிங்கத்தோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சோஹோ பதக்கம் 48 மில்லிமீட்டர்; கல்கத்தாவிலும் இதை அச்சடித்தார்கள், அது 45 மில்லிமீட்டர்.

1886இல் ஏற்பட்ட டிஸ்டிங்கிஷ்டு சர்வீஸ் ஆர்டர் முதல் சில ஆண்டுகள் தங்கத்தில் வந்தது. பிறகு முலாம் பூசிய வெள்ளிக்கு மாறியது. பொதுப்பணிக்கான கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் 1900இல் தங்கம், வெள்ளி, பின்னர் வெண்கலம் என்று வந்தது. மிஷன் மருத்துவர்களும் ஆசிரியர்களும் இதைப் பெற்றதால் ராணுவப் பதக்கம் என்று தவறாக எண்ணப்படுவது உண்டு. திருநெல்வேலி டோனாவூரின் ஏமி கார்மைக்கேல் 1919இல் இதைப் பெற்றார். காந்தியடிகள் 1915இல் தாம் பெற்ற கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கத்தையும், போயர் போர், ஜூலு கலகம் ஆகியவற்றில் ஆற்றிய பணிக்கான பதக்கங்களையும் 1920 ஆகஸ்ட் 1இல் வைஸ்ராய்க்குத் திருப்பி அனுப்பினார்.

விடுதலை பெற்ற இந்தியாவிலும் முலாம் பதக்கங்கள் உண்டு. அமைதிக்கால வீரத்துக்கான உயரிய விருதான அசோக சக்கரம் தங்க முலாம் பூசியது; கீர்த்தி சக்கரம் வெள்ளி; சௌரிய சக்கரம் வெண்கலம். போர்க்கால வீரத்துக்கு உயரிய பரம் வீர் சக்கரம் வெண்கலம். மகா வீர் சக்கரமும் வீர் சக்கரமும் வெள்ளி. பரம் விசிஷ்ட சேவா பதக்கம் தங்க முலாம், அதி விசிஷ்ட சேவா வெள்ளி, விசிஷ்ட சேவா வெண்கலம். மேஜர் முகுந்த் வரதராஜனுக்கு 2014இல் மறைவுக்குப் பின் அறிவிக்கப்பட்ட அசோக சக்கரம் முலாம் வகை. 1987இல் இலங்கையில் உயிர்நீத்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் பரம் வீர் சக்கரம் வெண்கலம். விருதின் உயரத்துக்கும் உலோகத்தின் விலைக்கும் தொடர்பில்லை.

வீட்டில் செய்யத்தக்க சோதனை

முதலில் தேவை பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். நகை வேலை செய்பவர்களிடம் இருக்கும். சன்னல் ஓரத்தில் பொருளைச் சாய்த்துப் பிடித்தால் முத்திரையின் பள்ளங்கள் நிழலாகத் தெரியும். தேய்ந்த முத்திரையை மெல்லிய காகிதம் போட்டுப் பென்சிலால் தடவிப் படிக்கலாம். முலாம் பூசிய இடத்தில் இதைச் செய்யக் கூடாது. முத்திரையைச் சுற்றி மூச்சுக்காற்றை ஊதிப் பார்ப்பது பழைய தந்திரம்: ஒரு சிறு சாமானிலிருந்து முத்திரையை வெட்டிப் பெரிய சாமானில் ஒட்டவைத்திருந்தால் ஈரம் படியும்போது பற்றாசு வைத்த கோடு வளையமாகத் தெரியும்.

வட்டமான, கெட்டியான பதக்கங்களுக்கு எடை போட்டுப் பார்க்கும் முறை உதவும். ரிப்பனைக் கழற்றி, சாதாரணமாக எடைபோட்டு, பிறகு நூலில் கட்டி நீருக்குள் தொங்கவிட்டு மீண்டும் எடைபோட வேண்டும். வெளியில் 31 கிராம் எடையுள்ள ஸ்டெர்லிங் வெள்ளி நீருக்குள் சுமார் 28 கிராம் காட்டும். 31ஐ, குறைந்த 3 கிராமால் வகுத்தால் 10.3 வரும். செம்பும் நிக்கலும் கலந்ததாக இருந்தால் நீருக்குள் 27.5 கிராம்தான் காட்டும். கணக்கு 9ஐ ஒட்டி வரும். 22 காரட் தங்கம் என்றால் 17க்கு மேல் போகும். பல துண்டுகளால் ஆன பதக்கத்துக்கும் எனாமல் பூசியதற்கும் இந்த முறை பொருந்தாது.

உரைகல்லில் உரைப்பதும் அமிலத்துளி விடுவதும் நகைக்கு ஏற்றவை. பதக்கத்துக்கு அவை தீராத காயம். ஹால்மார்க் மையங்களில் உள்ள எக்ஸ்ரே கருவி சேதமில்லாமல் மாற்றுச் சொல்லும். ஆனால் அது மேற்பரப்பைத்தான் படிக்கும். முலாம் பூசிய இடத்தில் வைத்தால் தங்கமும் வெள்ளியும் கலந்த கணக்கே வரும். முலாம் தேய்ந்த இடத்திலோ பின்புறத்திலோ வைக்கச் சொல்ல வேண்டும்.

இன்றைய இந்திய ஹால்மார்க்கைப் பழம்பொருளில் தேடிப் பயனில்லை. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் தங்க முத்திரை 2000இலும் வெள்ளி முத்திரை 2005இலும்தான் தொடங்கின. தங்க நகைக்கு முத்திரை கட்டாயமானது 2021 ஜூனில். 'நூறு வருஷப் பழசு' என்று சொல்லி விற்கும் சாமானில் அந்த அமைப்பின் முக்கோணச் சின்னம் இருந்தால், ஒன்று சாமான் புதியது, அல்லது முத்திரை பின்னால் குத்தப்பட்டது.

பராமரிப்பும் சட்டமும்

வெள்ளி கறுப்பது கந்தக வாயுவால்; ஈரம் அதை விரைவுபடுத்தும். மூடுபனியும் மழையும் மிகுந்த கொடைக்கானலில் வெள்ளி சமவெளியைவிட வேகமாகக் கறுக்கும். அங்கே கம்பளி உடைகளையும் பதக்கங்களையும் ஒரே பீரோவில் வைக்கும் வழக்கம் கறுப்பை இன்னும் கூட்டும், ஏனென்றால் கம்பளியில் கந்தகம் உண்டு. ரப்பர் பேண்டும் அப்படித்தான். அமிலமற்ற காகிதத்தில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வைப்பது நல்லது. புளி, விபூதி, பல்பொடி, சாம்பல் எதையும் பதக்கத்தில் தேய்க்கக் கூடாது. மின்முலாமின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு மட்டுமே; நான்கு தீபாவளித் தேய்ப்பில் போய்விடும். முத்திரையும் அதோடு மழுங்கும்.

1972ஆம் ஆண்டின் பழம்பொருட்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைவேலைப்பாடுள்ள பொருட்கள் பழம்பொருட்கள் என்ற வரையறைக்குள் வரும். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். பழம்பொருள் வியாபாரத்துக்கு உரிமம் வேண்டும். இணையவழியாக வெளிநாட்டுக்கு விற்க நினைப்பவர்கள் முதலில் இந்தியத் தொல்லியல் துறையிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

1980 வாக்கில் வெள்ளி விலை உச்சத்துக்குப் போனபோது, ஏறத்தாழ ஓர் அவுன்ஸ் வெள்ளி கொண்ட பிரிட்டிஷ் வார் பதக்கங்கள் எண்ணற்றவை உருக்கப்பட்டன. அவற்றின் விளிம்பில் இருந்த பெயர்களும் எண்களும் அவற்றோடு போயின. பழைய வெள்ளிக் கடைத் தராசு கிராம் கணக்கு மட்டுமே பார்க்கும். வீட்டில் தாத்தாவின் பதக்கம் இருந்தால் அதை விற்பதற்கு முன் முத்திரையையும் விளிம்பையும் லென்ஸ் வைத்துப் படித்து, எழுத்துக்கு எழுத்து ஒரு தாளில் எழுதி, இரு பக்கமும் விளிம்பும் தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.